வயல்காரியின் விதிமுறை

வீர்தனெலியை நான் முதலில் பார்த்தது கோட்டோ ராவாங் என்ற மலையூரின் வயலில். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு ஒரு காளையைத் திட்டிக்கொண்டிருந்தாள். பந்தயத்தில் ஓடி வந்த காளை அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. அவள் விழுந்தாள், கேமரா விழவில்லை. அதைப் பிடித்த கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மெல்ல எழுந்து, "கண்ணு எதுக்கு வச்சிருக்க, அழகுக்கா?" என்று அந்த மாட்டைக் கேட்டாள். பக்கத்தில் நின்ற என் மனைவி, "அது எங்க வீர்தா. மாடு பதில் சொல்ற வரைக்கும் விடமாட்டா," என்றாள்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு மாதம். நான் பாடாங் நகரத்தில் பிறந்த தமிழன், காதிர். இந்த மலைநாட்டுக்கு மருமகனாக வந்து சேர்ந்தவன். இங்கே வீடும் வயலும் தாய் வழியில் பெண்களுக்கு வருகிறவை. மருமகன் பெண்டாட்டி வீட்டில் போய் இருக்க வேண்டும். மரியாதைக்குக் குறைவில்லை, மீனில் நடுத்துண்டு நம் தட்டில்தான் விழும். ஆனால் வீட்டு நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் வாயை மூடிக்கொண்டு அந்த நடுத்துண்டைச் சாப்பிட வேண்டும். நான் பழகிவிட்டேன். சிலர் எத்தனை வருஷமானாலும் பழகுவதில்லை. அப்படிப் பழகாத ஒரு மருமகனும் இந்தக் கதையில் வருகிறார்.

கடைத்தெருவில் படம் பிரிண்ட் போடும் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், தேர்தல் வந்தால் பேனர். வீர்தா என் கடையில்தான் படம் போடுவாள். வந்தால் சும்மா வாங்கிக்கொண்டு போக மாட்டாள். மெஷின் பக்கத்திலேயே நின்று, "பொண்ணு மூஞ்சி மாம்பழம் மாதிரி வருது உடா, மஞ்சளக் குறைங்க," என்று உயிரை எடுப்பாள். உடா என்றால் அண்ணன். அவளை ஊரே உனி என்று கூப்பிடும், அக்கா என்று. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எதற்கு வம்பு என்றுதான் நினைக்கிறேன்.

அவள் புருஷன் பிழைப்புக்காகப் பாத்தாம் தீவுக்குப் போனவன். இங்கே ஆண்கள் வெளியூர் போய்ப் பிழைப்பது வழக்கம்தான். அவன் போன இடத்தில் இன்னொரு வீட்டுக்கு மருமகனாகி அங்கேயே தங்கிவிட்டான். "அவருக்கு அந்த வேல நல்லா வரும் உடா. சாப்பிட்டுட்டுச் சும்மா இருக்கிற வேல," என்பாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவன் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு மறந்துபோன கேமரா ஒன்று வீட்டில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டுதான் கல்யாண வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்து மணப்பெண்ணின் தலையில் வைக்கிற தங்கக் கிரீடம் கனம் தாங்காமல் அழவைக்கும். வீர்தா எதிரே நின்று தன் புருஷன் கதையைச் சொல்லுவாள். பெண் சிரிக்கும்போது படம் எடுத்துவிடுவாள். "அந்த ஆளால ஊருக்கு நடந்த ஒரே நல்லது," என்பாள்.

கல்யாணப் படம் சோறு போட்டது. சனிக்கிழமைப் படம் அவளுக்கே அவளுக்கானது. அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, ஊர் மாற்றி ஊர் முறை வைத்து, சனிக்கிழமைதோறும் காளைப் பந்தயம் விடுவார்கள். ஜோடிக் காளைகள், நடுவில் ஒரு மூங்கில் சட்டம், அதன்மேல் வெறுங்காலோடு நின்று இரண்டு வாலையும் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவன். காளை சோம்பினால் வாலைக் கடிப்பான். ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் ஓடும். வென்றவன் தோற்றவன் கிடையாது. கோணாமல் நேராக ஓடுகிற ஜோடிக்கு ஊரில் மதிப்பு. வெளியூர்ப் படக்காரர்கள் வரப்போரம் நின்று நீண்ட லென்ஸைத் தூக்குவார்கள். வீர்தா காளை வந்து நிற்கிற முனையில், நேர் எதிரே, சேற்றில் மண்டி போட்டு உட்காருவாள்.

அவளுடைய தம்பி எடிசன்தான் எங்கள் ஊரில் நல்ல ஓட்டுகிறவன். அக்கா முனையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் அவன் காளையை இன்னும் விரட்டுவான். அவளை இடித்துவிடுவதுபோல வந்து கடைசி நொடியில் திருப்புவான். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு.

அப்படி ஒரு சனிக்கிழமை எடுத்ததுதான் அந்தப் படம். ஒரு வால் கையில், ஒரு வால் பல்லில். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, சேறு அவனைச் சுற்றி எழும்பி நிற்கிறது. முகத்தில் பயமும் இல்லை, வீரமும் இல்லை. சின்னப் பிள்ளை மழையில் ஓடும்போது இருக்கிற முகம். நான் இருபது வருஷமாகப் படம் பிரிண்ட் போடுகிறேன், அந்தப் படம் மெஷினிலிருந்து வெளியே வந்தபோது கடையை மூடிவிட்டு எங்காவது போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

போன வருஷம் பந்தயம் பக்கத்து ஊரில் நடந்தது. விழாக் குழு புகைப்படப் போட்டி வைத்தது. விதிமுறைகளை நாங்கள் கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோலப் படித்தோம். என்றைக்கு, எங்கே, என்ன போடுகிறார்கள். மற்ற வரிகளையெல்லாம் விரலால் தள்ளிவிட்டு, ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தைத் தட்டிவிட்டுப் படத்தை அனுப்பினோம். வீர்தாவுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒரு சான்றிதழ், சோப்புத்தூள் கம்பெனி பெயர் போட்ட ஒரு குடை.

சில மாதம் கழித்து எடிசன் டீக்கடைக்குப் போய் முட்டை டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தலைக்கு மேலே சோப்புத்தூள் பாக்கெட் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவன் முகம். சேறு அப்பிய முகத்துக்குக் கீழே, 'எப்பேர்ப்பட்ட அழுக்குக்கும்' என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊர் டீக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொமினோ ஆடுகிறவர்களுக்குக் கை பலகையில் இருக்கும், வாய் அடுத்தவன்மேல் இருக்கும். கேலிக்கு அகப்பட்டவன் பதில் கேலி சொல்லித்தான் தப்பிக்க வேண்டும். கோபப்பட்டால் தொலைந்தான்.

"எடிசா, இப்பத்தான குளிச்சிட்டு வந்த? பின்ன ஏன் அப்படியே இருக்க?"

"அவன் குளிச்சா பாக்கெட் விக்காதுடா. கம்பெனி ஒத்துக்காது."

"பக்கத்துல இருக்கிற காளைக்குக் குடுத்த காசுல பாதியாவது உனக்குக் குடுத்தாங்களா?"

முதலில் அவனும் சிரித்தான். "காளைக்கு ஏஜெண்ட் இருக்காரு," என்று பதில் சொன்னான். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் அழுக்கு, அழுக்கு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் அந்தப் பெண்ணின் தம்பி உள்ளே ஓடிப்போய் ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தானாம். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. எடிசன் காளை ஓட்டுவதை விட்டான். மாட்டுக்காரர்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டும் போகவில்லை. அக்காவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"நீதான உனி எடுத்த. நீதான குடுத்த."

அன்றைக்கு வீர்தா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். மாட்டை அதட்டுகிறவள் அழுதால் பார்க்கிறவனுக்குக் கை கால் ஓடாது. நான் டீ வரவழைத்தேன். எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் விழாக் குழுத் தலைவரைப் பார்க்கப் போனாள். பஸ்ரிசால். நான் சொன்ன அந்தப் பழகாத மருமகன். வீர்தாவின் சித்தி மகள் அஸ்னிதாவைக் கட்டியவர். பத்துப் பாக்கெட் வைத்த சட்டை போடுவார், எல்லாப் பாக்கெட்டிலும் ஏதாவது ஒரு பேனா இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எந்த விழாவையும் தான்தான் நடத்த வேண்டும் என்ற ஆசை உள்ளவர். எனக்கு அவரைக் கண்டால் ஆகாது, அது வேறு விஷயம். வீர்தாவுக்குத் துணையாக நானும் போனேன்.

"உடா, என் படத்த சோப்புக்காரங்களுக்கு யாரு குடுத்தது?"

"குழு குடுத்துச்சு. அவங்கதான பரிசுக்குச் செலவு பண்ணாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே."

"விதிமுறையில இருக்கு வீர்தா. போட்டிக்கு வர்ற எல்லாப் படமும் குழுவோட சொத்து. நீ ஒத்துக்கிட்டுத்தான அனுப்பின?"

"ஜெயிச்ச படம் மட்டுமா, எல்லாப் படமுமா?"

"எல்லாந்தான். எல்லா ஊர்லயும் அப்படித்தான் போடுறாங்க."

"என் பேராவது போட்டிருக்கலாம்ல?"

"பாக்கெட்டு சின்னது," என்றார் பஸ்ரிசால்.

அந்த விதிமுறையை அன்றைக்குத்தான் நாங்கள் முழுதாகப் படித்தோம். எங்கோ நடந்த படகுப் போட்டியின் விதிமுறையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். ஏழாவது விதியில், படகில் ஏறும் புகைப்படக்காரர்கள் கட்டாயம் உயிர்காப்பு உடை அணிய வேண்டும் என்று இருந்தது. மலைக்கு நடுவில் இருக்கிற நெல்வயலுக்கு. அதை எழுதியவரும் படிக்கவில்லை, ஒப்புக்கொண்டவர்களும் படிக்கவில்லை. ஆனால் படம் மட்டும் கைமாறிவிட்டது.

வீர்தா அந்தப் படத்தையே போட்டு ஒரு காலண்டர் அடித்து என் கடையில் தொங்கவிட்டாள். கீழே தன் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தாள். நாலாவது நாள் குழுவிலிருந்து ஓர் ஆள் வந்து, இது குழுவின் சொத்து, கழற்றுங்கள் என்றான். எடுத்தவள் என் கடையில் நிற்கிறாள், படத்தில் இருக்கிறவன் எதிர்க் கடையில் நிற்கிறான், யாரோ ஒருத்தன் வந்து சொத்து என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். பேசியதை எழுத முடியாது. ஆனாலும் காலண்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று.

பாடாங்கில் இருக்கிற படக்கார நண்பர் ஒருவர் சட்டம் தெரிந்தவர். எடுத்தவர் பெயரை யாரும் பிடுங்க முடியாது என்றும், விளம்பரத்தில் ஒருவர் முகத்தைப் போட வேண்டுமானால் அவரைக் கேட்டாக வேண்டும் என்றும் சொன்னார். வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வீர்தா அதைக் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள எடிசன் கிழவனாயிடுவான்," என்றாள்.

இந்த வருஷம் பந்தயம் நடத்த எங்கள் ஊருக்கு முறை வந்தது. மறுபடியும் போட்டி, மறுபடியும் அதே விதிமுறை, உயிர்காப்பு உடை உட்பட. வீர்தா படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். யாரும் படம் அனுப்ப வேண்டாம், விதியை மாற்றச் சொல்வோம் என்றாள். குழுவே கொதித்து எழுந்தது. ஒருவர் எடுத்த படம் ஹோட்டல் சுவரில் பெயரில்லாமல் தொங்குகிறதாம். இன்னொருவர் படம் ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனரில் வந்ததாம். எல்லோரும் முஷ்டியை உயர்த்தும் பொம்மை போட்டார்கள். பிறகு எல்லோரும் போய்ப் போட்டிக்குப் பெயர் பதிந்துகொண்டார்கள். முதல் பரிசு ஒரு மோட்டார் சைக்கிள்.

"நூறு முஷ்டி உடா. ஒண்ணுலகூட எலும்பு இல்ல," என்றாள் வீர்தா.

அந்த வாரம்தான் அஸ்னிதா பாஸ்போர்ட் படம் எடுக்க என் கடைக்கு வந்தாள். வீர்தாவும் இருந்தாள். பேச்சுவாக்கில் அஸ்னிதா, "கடைசி சனிக்கிழம பந்தயம் நம்ம வீட்டு வயல்லதான் உனி. அவரு எங்கிட்டக் கேட்டாரு, சரின்னுட்டேன்," என்றாள்.

"எப்பக் கேட்டாரு?"

"சோறு போட்டுக்கிட்டிருந்தேன். மீன் எடுத்து வைன்னாரு, வயல் வேணும்னாரு. ம்னு சொன்னேன்."

"அம்மாவக் கேட்டாரா? சித்தியக் கேட்டாரா? டத்துக் மாமாகிட்ட வந்தாரா?"

"எனக்கென்ன தெரியும். உன்னக் கேக்கலையா?"

வீட்டு வயல் அந்த வீட்டுப் பெண்கள் நாலு பேருக்கும் பொது. வீர்தா, அவள் அம்மா, சித்தி, அஸ்னிதா. ஒரு நாளைக்கு இரவல் கொடுப்பதானாலும் நாலு பேரும் சரி என்ற பிறகு, குடும்பத் தலைவரான தாய்மாமன் டத்துக் மாமா தன் வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட அது சம்மதம் ஆகாது. பெண்டாட்டி சோற்றுக் கரண்டியோடு சொன்ன 'ம்' செல்லாது. இது எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கே தெரியும். விழா நடத்துகிற அவசரத்தில் பஸ்ரிசால் அதை மறந்துவிட்டார்.

அஸ்னிதா போன பிறகு வீர்தா, "உடா, பேனர் அடிக்கணும். பெருசா," என்றாள். சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். இரண்டு தடவை சிரிப்பு தாங்காமல் கை நின்றுவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "அவங்க வார்த்தய மாத்தாதீங்க. அப்படியே வரணும்," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை வயல் திருவிழாவாக இருந்தது. காளைகளை வரப்பில் கட்டியிருந்தார்கள். ஒட்டரிசிச் சோறும் வாழைக்காய் பொரியலும் விற்கிற பெண்கள் அடுப்பைப் பற்றவைத்திருந்தார்கள். படக்காரர்கள் லென்ஸுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் மூன்று நடுவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார், பாவம். வயலில் இறங்குகிற இடத்தில் இரண்டு மூங்கில் நட்டு வீர்தா பேனரைக் கட்டினாள். மாட்டுக்காரர் தாருலிஸ் அதை ஊருக்கே கேட்கிற குரலில் படித்தார்.

"விதி ஒண்ணு. இந்த வயலில் இறங்கும் அனைத்தும், காளை, மூங்கில் சட்டம், கேமரா, செருப்பு, குடை, நடுவர்கள் உட்பட, இறங்கிய நொடியிலிருந்து வயல்காரியின் சொத்து ஆகும். விதி ரெண்டு. வயல்காரி அவற்றை எந்த வடிவிலும், எக்காலத்திலும், எவரிடமும் கேட்காமல், எவர் பெயரும் போடாமல் பயன்படுத்திக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம். விதி மூணு. வயலில் கால் வைத்தவர் இவற்றை ஒப்புக்கொண்டவராகக் கருதப்படுவார்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "விதி ஏழு. படகில் ஏறும் புகைப்படக்காரர்கள் கட்டாயம் உயிர்காப்பு உடை அணிய வேண்டும்."

வயலே சிரித்தது. தாருலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. போய்த் தன் ஜோடிக் காளையின் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டினார். "என் மாட்ட நான் எறக்கல சாமி. இது என் வீட்டவிட அதிக வெல," என்றார். மற்ற மாட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகக் கயிற்றை இறுக்கினார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எங்கள் ஊரில் இரண்டையும் பிரிக்க முடியாது.

சேற்றில் ஒரு காலை வைத்துவிட்டிருந்த வெள்ளை ஷூ நடுவர், "அம்மா, நான் இப்ப யாரோட சொத்து?" என்று கேட்டார்.

"ஒரு காலுதான வச்சிருக்கீங்க. பாதி," என்றாள் வீர்தா.

பஸ்ரிசால் ஓடி வந்தார். பாக்கெட் பேனாக்கள் எல்லாம் குதித்தன. "என்ன வீர்தா இது, வெளியூர் ஆளுங்க இருக்காங்க. அவுத்துடு."

"ஏன் உடா?"

"இப்படி ஒரு விதி உலகத்துல உண்டா? சும்மா நின்னவனோட செருப்பு எப்படி உன் சொத்தாகும்?"

"ஒத்துக்கிட்டுத்தான எறங்குறாங்க. படிக்கலன்னா நான் என்ன பண்றது? பேனர் பெருசாத்தான் போட்டிருக்கேன். ஒங்க பாக்கெட்டு மாதிரி சின்னது இல்ல."

படக்காரர்கள் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் கைதட்டல் வந்தது. பஸ்ரிசாலுக்கு முகம் சிவந்தது. "வயல நான் முறையாக் கேட்டு வாங்கியிருக்கேன்," என்றார்.

வீர்தாவின் தாய்மாமன் டத்துக் மாமா வரப்பில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் காப்பி இலைக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். சிரட்டையைக் கீழே வைத்தார். "யாரக் கேட்டீங்க மாப்பிள்ள?"

"அஸ்னிதாவ."

எல்லோரும் அஸ்னிதாவைப் பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள். "நான் மீனுக்குத்தான் ம் சொன்னேன் மாமா," என்றாள்.

அதற்குமேல் பஸ்ரிசாலால் நிற்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்தார். சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன், மறைக்காமல் சிரித்தேன். ஒரு மருமகன் விழும்போது இன்னொரு மருமகன் சிரிக்கக் கூடாதுதான்.

டத்துக் மாமா கையைத் தூக்கினார், சத்தம் அடங்கியது. "வீர்தா, வயலக் குடுக்கிறியா இல்லையா? ஒரே வார்த்த."

"குடுக்கிறேன் மாமா. இரவலாக் குடுக்கிறேன். சாயங்காலம் திரும்பி வரணும். படத்தையும் அவங்க அதே மாதிரி வாங்கட்டும். விழாவப் பத்தி ஊருக்குச் சொல்றதுக்கு வச்சுக்கட்டும், எடுத்தவங்க பேரப் போட்டுக் காட்டட்டும். அடுத்த விழா வந்தா அதோட சரி, படம் எடுத்தவங்களோடது. எந்தக் கம்பெனிக்குக் குடுக்கிறதா இருந்தாலும் எடுத்தவங்களயும் படத்துல இருக்கிறவங்களயும் கேக்கணும். போன வருஷத்துப் படம் எனக்கு வேணும். அந்தப் பாக்கெட்டு நிக்கணும்."

"கம்பெனிக்காரங்க போயிடுவாங்க," என்றார் பஸ்ரிசால், தரையைப் பார்த்தபடி.

"போகட்டும். காளை போகாது," என்றார் மாமா.

அப்போதுதான் அந்த நூறு முஷ்டிகளுக்கும் எலும்பு முளைத்தது. படக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வீர்தாவின் பின்னால் நின்றார்கள். முதல் ஆள் பாடாங் நண்பர். பெயர் பதிந்ததற்குக் கொடுத்த அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பேனர் மூங்கிலில் மாட்டினார். அடுத்தவரும் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த மூங்கிலில் அட்டை மாட்ட இடமில்லை. வெள்ளை ஷூ நடுவரும் தன் அட்டையை மாட்டினார். "எனக்கும் படம் எடுக்கிறதுதான் தொழில். என் படம் மூணு எங்கெங்கயோ கிடக்கு," என்றார்.

பஸ்ரிசால் எழுந்தார். நான் அவரை அதுவரை மதித்ததில்லை, அந்த நேரத்தில் கொஞ்சம் மதித்தேன். பத்துப் பேனாவில் ஒன்றை எடுத்து, "பேனரத் திருப்புங்க, பின்னாடி எழுதறேன்," என்றார். வீர்தா சொல்ல, அவர் எழுதினார், ஊர் கேட்டது. அம்மா சரி என்றாள், சித்தி சரி என்றாள், அஸ்னிதா இந்தத் தடவை கரண்டி இல்லாமல் சரி என்றாள், டத்துக் மாமா ஊர் கேட்க வயலைக் கொடுத்தோம் என்றார். கடைசியாக வீர்தா, தூரத்து வரப்பில் தனியாக நின்ற தம்பியைக் கூப்பிட்டாள்.

"எடி, மூஞ்சி உன்னோடது. நீ சொல்லு."

எடிசனை யாராவது கேட்டதே அதுதான் முதல் தடவை. "என்னக் கேட்டுட்டுப் போடட்டும்," என்றான். "கேக்காம யாரும் போடக் கூடாது."

"எழுதுங்க உடா," என்றாள் வீர்தா. பஸ்ரிசால் எழுதினார். ஏழாவது விதியை அவரே அடித்துவிட்டார்.

எடிசன் சட்டையைக் கழற்றி அக்கா தலையில் போட்டுவிட்டு வயலில் இறங்கினான். பல மாதமாக அவன் இறங்காத சேறு. தாருலிஸ் தன் காளைகளை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார், வீட்டைவிட விலை கூடிய காளைகளை. டீக்கடைக் கூட்டம் முழுவதும் வரப்பில் நின்றது. ஒருத்தன் வாயிலிருந்தும் சோப்பு என்ற வார்த்தை வரவில்லை.

வீர்தா ஓடிப்போய் முனையில் மண்டி போட்டாள். காளைகள் கிளம்பின. நூல் பிடித்தாற்போல வந்தன. இரண்டு தலையும் ஒன்றாக, கோணல் இல்லாமல். எடிசன் வாலைக் கடிக்கவே இல்லை, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தான். கடைசி நொடியில் திருப்பினான். சேறு அவள்மேல் அருவியாகக் கொட்டியது. கேமரா மட்டும் தலைக்கு மேலே இருந்தது. நான் கத்தினேன். யார் யாரோ கத்தினார்கள். டத்துக் மாமா எழுந்து நின்றுவிட்டார்.

போட்டியில் மோட்டார் சைக்கிள் வேறொருவருக்குப் போயிற்று. வீர்தா அன்றைக்கு எடுத்த படத்தைப் போட்டிக்கு அனுப்பவில்லை. "இது வீட்டுக்கு," என்றாள். அதற்கடுத்த மாதமே டீக்கடையில் தொங்கிய சரத்தில் வேறு ஏதோ ஒரு படம் வந்தது, மேகமும் வெள்ளைத் துண்டும். பக்கத்து மாவட்டத்துப் போட்டிக்காரர்கள் ஆள் அனுப்பி எங்கள் விதிமுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். என் கடையில் காலண்டர் மறுபடியும் தொங்குகிறது. கீழே வீர்தனெலி என்ற பெயர் எதிர்க் கடையிலிருந்தே படிக்கிற அளவில் இருக்கிறது. அளவை நான்தான் கூட்டினேன்.

மழைக்காலம் தொடங்கும்போது சோப்புத்தூள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, மரியாதையான பேச்சு. பழைய பாக்கெட்தான் நன்றாக விற்றதாம். இந்தத் தடவை முறைப்படி கேட்க வந்திருப்பதாகவும், நல்ல தொகை தருவதாகவும், பெயரும் போடுவதாகவும் சொன்னார். வீர்தா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள். பிறகு எதிர்க் கடையிலிருந்த தம்பியை வரச் சொல்லி, "கேக்க வந்திருக்காரு," என்றாள்.

எடிசன் காலண்டரைப் பார்த்தான், வந்தவரைப் பார்த்தான். "மொளகா விழுது பாக்கெட்டுன்னா யோசிக்கலாம்," என்றான். "சோப்புக்கு வேணாம்."

வந்தவர் வீர்தாவின் பக்கம் திரும்பினார்.

"படம் என்னோடது, மூஞ்சி அவனோடது. ரெண்டு பேரும் வேணாம்கிறோம்," என்றாள் வீர்தா. "ஒக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்.